ஆறாவது கேள்வி

என் மனைவி தோராவைப் பொய் கண்டுபிடிக்கும் மிஷினில் உட்காரவைத்து ஒரே ஒரு கேள்வி கேட்பது என்று, எண்பத்து மூன்றாம் வருடம் மார்ச் மாதம், பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது முடிவு செய்தேன். கல்யாணமான முப்பத்தோரு வருடத்தில் நான் தனியாக எடுத்த முதல் முடிவு அது. கடைசி முடிவும் அதுதான். இப்போது அவள் இல்லை. அதனால் தைரியமாக எழுதுகிறேன்.

மினசோட்டாவில் நான் வீடுகளுக்குச் சூடேற்றும் அடுப்புகளை ரிப்பேர் செய்துகொண்டிருந்தேன். தோராவின் மூட்டுகளுக்குக் குளிர் ஆகவில்லை. தெற்கே வெயில் கொளுத்தும் அலபாமாவுக்கு வந்து சேர்ந்தோம். வந்த முதல் வாரம் அக்கம்பக்கத்தில் என் தொழிலைச் சொன்னேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள்போல் தலையை ஆட்டினார்கள். தோரா ஒரு பெண்கள் முடி அலங்காரக் கடையை எடுத்து நடத்த ஆரம்பித்தாள். எனக்கு மீன் பிடிப்பதைத் தவிர வேறு வேலை இல்லாமல் போயிற்று.

மீன் எனக்குப் புதிதில்லை. வடக்கே உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு, முப்பதடி ஆழத்தில் தூண்டிலை இறக்கி, எத்தனையோ பிடித்திருக்கிறேன். இங்கே ஹாச்சி ஏரி தேநீர் நிறத்தில், வெதுவெதுப்பாக, உள்ளே செத்த மரக்கட்டைகளும் பாசியுமாகக் கிடந்தது. ஊரே பிடிப்பது ஒரே மீன், பாஸ். அகன்ற வாய், பச்சை முதுகு, வடக்கத்தி ஆளைக் கண்டால் ஆகாது. பழக்க தோஷத்தில் நான் நடு ஏரியில் ஆழத்தில் தூண்டில் போட்டேன். மீன்களோ கரையோரம் இரண்டடித் தண்ணீரில் கட்டைகளுக்கு அடியில் உட்கார்ந்து என்னை வேடிக்கை பார்த்தன. உயிருள்ள பொடிமீனை இரையாகக் கொடுத்தேன். சீண்டவில்லை. பக்கத்துப் படகில் ரப்பர் புழு போட்டார்கள். ரப்பர்! அதற்கு அடித்துக்கொண்டு வந்தன. அப்படிப் பிடித்த மீனை எடை போட்டு, படம் எடுத்து, தட்டிக்கொடுத்துத் தண்ணீரிலேயே விட்டார்கள். எங்கள் ஊரில் வறுக்காமல் விட்டால் மூளை சரியில்லை என்பார்கள்.

பதினோரு மாதத்தில் நான் பிடித்தது மூன்று. அதில் ஒன்று ஆமை.

பக்கத்து வீட்டு ராய்ஸ் டிட்வெல் ஒரு காலைப்பொழுதில் அவ்வளவு பிடிப்பார், ஆமையைக் கணக்கில் சேர்க்காமல். ஐம்பத்தெட்டு வயது, கல்யாணம் செய்துகொள்ளாதவர், தங்கை நெல்டாவோடு இருந்தார். தலைமுடி முழுவதும் இருந்தது. வெள்ளி நிறத்தில், அலை அலையாக. படகை எவ்வளவு வேகமாக ஓட்டினாலும் அது கலையாது. என் தலையில் கலைவதற்கே எதுவும் இல்லை. அந்தத் தலையை வேலிக்கு மேல் நீட்டித்தான் தினமும் விசாரிப்பார்.

"என்ன வடக்கத்தியாரே, இன்னிக்கு ஏதாச்சும் மாட்டுச்சா?"

"தண்ணி சரியில்ல."

"தண்ணியா? அது எங்க தாத்தா காலத்துலேர்ந்து இப்படித்தாங்க இருக்கு. மிஸ் தோரா இல்லையா? நல்ல மீனா பிடிக்கறாங்களாமே!"

அந்த ஊரில் எல்லாப் பெண்களையும் மரியாதையாக மிஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். தெரியும். ஆனால் மற்றவர்கள் அரை விநாடியில் சொல்லிவிடுவார்கள். ராய்ஸ் அதைச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சட்டை காய்ந்துவிடும்.

அவர் சொன்னது உண்மை. திங்கட்கிழமை தோராவுக்குக் கடை விடுமுறை. விடிந்ததும் எங்கள் சின்னத் தகரப் படகை எடுத்துக்கொண்டு தனியாகப் போவாள். காலைச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவாள். ஒரு நாள் ஒரு போட்டோவைச் சாப்பாட்டு மேஜையில் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். படகுப் பலகையில் ஏழு பவுண்டு பாஸ். பின்னால் பழைய ரயில் பாலத்தின் தூண்.

முட்டையைத் தள்ளிவைத்துவிட்டு அந்தத் தூணைப் பார்த்தேன். ராய்ஸ் பெரிய மீன்களைப் பாலத்துப் பக்கம்தான் பிடிக்கிறார் என்று ஊருக்கே தெரியும். எந்தத் தூண், எந்தக் கட்டை என்று ஒருவருக்கும் தெரியாது. இருபது வருடமாக ஊர் தேடுகிறது.

"எங்க பிடிச்ச?"

"தண்ணியில."

"எந்த இடத்துல?"

"ஈரமான இடத்துல."

"தோரா, நான் வெளையாடல. யாரு காட்டினா?"

"என்னங்க இது? முப்பத்தோரு வருஷமா நான் கேட்டப்பல்லாம் நீங்க இப்படித்தானே பதில் சொன்னீங்க? மீன் பிடிக்கறவங்க பாஷைன்னு நெனச்சுக் கத்துக்கிட்டேன். ரொட்டி இன்னொண்ணு வேணுமா?"

வேண்டாம் என்றேன். ஒருவர் என் மனைவியைப் பார்த்துச் சிரித்தால் பொறுத்துக்கொள்வேன். பூச்செடி கொடுத்தால்கூடத் தண்ணீர் ஊற்றுவேன். ஆனால் மீன் பிடிக்கிறவன் தன் இடத்தைத் தம்பிக்குக்கூடச் சொல்லமாட்டான். சாகும்போது வக்கீலிடம் எழுதிக்கொடுத்துவிட்டுச் சாவான். அந்த இடத்தையே காட்டிவிட்டார் என்றால் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கும்! அதோடு, உண்மையைச் சொல்கிறேன், என்னிடம் ஏன் காட்டவில்லை என்றும் பொருமலாக இருந்தது.

ஏப்ரலில் ஹாச்சி ஏரி கிளப் தம்பதிப் போட்டி நடத்தும். தம்பதி என்று பெயர், ஆணும் பெண்ணுமாக ஜோடி சேர்ந்தால் போதும். ராய்ஸும் நெல்டாவும் தொடர்ந்து நான்கு வருடம் ஜெயித்தவர்கள். ஐந்து மீன், மொத்த எடை, ஜெயித்தால் வெள்ளிக் கோப்பை. மீன் வயிற்றில் ஈயம் திணிக்கிறவர்களும், முந்தின நாளே மீனைப் பிடித்துக் கட்டிவைக்கிறவர்களும் எல்லா ஏரியிலும் உண்டு. அதனால் ஜெயித்த ஜோடியில் ஒருவரைப் பொய் மிஷினில் உட்காரவைப்பார்கள். பொய் சொன்னால் கோப்பை இரண்டாவது ஜோடிக்குப் போய்விடும்.

மிஷின் ஹாலிஸ் கிரப்ஸினுடையது. மாவட்டப் போலீசான ஷெரீப் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபோது மிஷினும் அவரோடு ஓய்வு பெற்றுவிட்டது. அவர் வீட்டுக்குப் போனேன்.

"ஹாலிஸ், நாங்க ஜெயிச்சா தோராவ உட்கார வைக்கணும். ஒரு கேள்வி கூடுதலா கேக்கணும்."

"என்ன கேள்வி?"

"பாலத்து இடத்தைக் காட்டினது ராய்ஸ்தானான்னு."

ஹாலிஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஹெல்மர், இதுவரைக்கும் எத்தன மீன் பிடிச்சிருக்கீங்க?"

"மூணு."

"ஆமையோடயா, ஆமை இல்லாமயா?"

ஊருக்கே தெரிந்திருந்தது. "மொதல்ல ஜெயிங்க. அப்புறம் பாக்கலாம்" என்று கதவைச் சாத்தினார்.

அங்கேதான் சிக்கல். மனைவியை மாட்டிவிட வேண்டுமானால் ஜெயிக்க வேண்டும். ஜெயிக்க வேண்டுமானால் மனைவி சொன்னபடி கேட்க வேண்டும். போட்டியன்று கேட்டேன். அவள் பாலத்துக்கு விடச் சொன்னாள், விட்டேன். நான்காவது தூணுக்குப் பக்கத்தில் மூழ்கிய கட்டையைக் காட்டினாள்.

"அந்த ஊதாப் புழுவ மாட்டுங்க. கட்டைக்கு அந்தப் பக்கம் போடுங்க. இழுக்காதீங்க."

"எவ்வளவு நேரம் இழுக்காம இருக்கறது?"

"பொறுமை போற வரைக்கும். போனதுக்கப்புறம் இன்னும் கொஞ்ச நேரம்."

ராய்ஸ் பேசுவதுபோலவே இருந்தது. வயிறு எரிய எரியப் போட்டேன். அந்த எரிச்சலோடு என் வாழ்க்கையின் முதல் நல்ல பாஸைப் பிடித்தேன், ஆறு பவுண்டு. அது தண்ணீருக்கு மேல் எகிறி வாயைத் திறந்தபோது ஒரு நிமிஷம் ராய்ஸ், சந்தேகம், மிஷின் எல்லாம் மறந்துபோயிற்று. தோரா வலையை நீட்டிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்தாள். உடனே ஞாபகம் வந்துவிட்டது.

மதியம் எடை போட்டார்கள். நாங்கள் இருபத்தேழு பவுண்டு. ராய்ஸும் நெல்டாவும் இருபத்து நாலு. ராய்ஸின் முகம் நான் பார்த்ததிலேயே அழகான காட்சி.

"பாலத்துப் பக்கமா போனீங்க வடக்கத்தியாரே?" என்றார் மெதுவாக. "அங்க எப்படிப் போனீங்க?"

"படகுல" என்றேன்.

நெல்டா தன் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கவனிக்க நேரமில்லை. கிளப் அறைக் கதவைத் திறந்துகொண்டு ஹாலிஸ் வெளியே வந்தார். தோராவை முன்னே தள்ளினேன்.

"போ தோரா. பயப்படாத. உண்மையச் சொன்னா ஒண்ணும் ஆகாது."

"நீங்க வாங்க ஹெல்மர்" என்றார் ஹாலிஸ். "யாருன்னு சீட்டுப் போட்டுப் பாத்தாச்சு."

"நானா? மூணு மீனு அவ பிடிச்சது!"

"ரெண்டு நீங்க பிடிச்சது. சந்தேகமே அந்த ரெண்டுமேலதான்."

எல்லாரும் சிரித்தார்கள். உள்ளே உட்காரவைத்து மார்பில் பட்டை கட்டினார். விரல்களில் ஒயர் மாட்டினார். வெக்கைக்காக ஜன்னல் திறந்திருந்தது. வெளியே மரத்தடியில் ராய்ஸ் காத்துக்கொண்டு நின்றார். தோரா உள்ளே வந்து சுவரில் சாய்ந்து கைகளைக் கட்டிக்கொண்டாள்.

மீனை நீங்கள் இரண்டு பேரும்தான் பிடித்தீர்களா? ஆமா. போட்டி நேரத்தில் பிடித்தீர்களா? ஆமா. வயிற்றில் எதையாவது திணித்தீர்களா? இல்லை. முன்கூட்டியே கட்டிவைத்தீர்களா? இல்லை. வேறு யாராவது மீன் கொடுத்தார்களா? இல்லை. ஐந்து கேள்வி. முள் பிசகாமல் கோடு போட்டது. வெளியே நின்ற ராய்ஸைப் பார்த்துக்கொண்டே எழுந்திருக்கப் போனேன்.

"இருங்க, இன்னும் ஒண்ணு" என்றார் ஹாலிஸ். சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துப் படித்தார். தோராவின் கையெழுத்து. "உங்க மனைவிக்கும் ராய்ஸ் டிட்வெல்லுக்கும் ஏதோ இருக்குன்னு நீங்க சந்தேகப்பட்டீங்களா?"

மறுபடியும் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ராய்ஸ் சீப்பை எடுத்துத் தலையைச் சீவிக்கொண்டிருந்தார். கோப்பையோடு படம் எடுத்துக்கொள்ளத் தயாராகிறார்! 'இல்லை' என்றால் பொய், முள் எகிறும், கோப்பை அவர் கைக்குப் போகும். 'ஆமா' என்றால் தோரா பக்கத்திலேயே நிற்கிறாள். அவர் சீவி முடித்தார். ஒரு முடி நெற்றியில் விழுந்தது. அதையும் அழகாகத் தள்ளிவிட்டார்.

"ஆமா" என்றேன்.

"சத்தமாச் சொல்லுங்க, மிஷினுக்குக் காது மந்தம்."

"ஆமாய்யா, ஆமா!"

ராய்ஸ் திரும்பிப் பார்த்தார். ஏரிக்கரையே திரும்பிப் பார்த்தது. ஹாலிஸ் ஒயரைக் கழற்றினார். "உண்மையான மனுஷன். கப்பு உங்களுக்குத்தான்."

வண்டியில் தோரா கோப்பையை மடியில் வைத்து மூன்று மைல் துடைத்துக்கொண்டே வந்தாள். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"கோவமா?"

"ராய்ஸ்மேல போயி சந்தேகப்பட்டீங்களே! அந்த ஆளு என்கிட்ட பேசினதெல்லாம் தலைமுடியப் பத்தித்தான். என்ன ஷாம்பூன்னு கேப்பாரு."

"அப்ப அந்தக் கட்டையக் காட்டினது யாரு?"

"நெல்டா. அவரு தங்கச்சிகிட்ட மட்டும் சொல்லுவாரு. அவ வியாழக்கிழமை என் கடையில தலை காய வைக்கிற டிரையருக்குள்ள உட்காருவா. காதுல காத்து இரையும்ல? ரகசியம் பேசறதா நெனச்சுக்கிட்டு ஊருக்கே கேக்கற மாதிரி கத்துவா. எல்லாப் பொம்பளைங்களும் அப்படித்தான். நீங்க ஹாலிஸ் வீட்டுக்குப் போனது அவரு பொண்டாட்டி கத்தித்தான் எனக்குத் தெரியும்."

வண்டி தானாகவே மெதுவாகிவிட்டது. அவமானமாக இருந்தது. ஆனாலும் கோப்பை கையில் இருக்கிறதே என்று ஒரு ஆறுதல்.

"போகட்டும். உண்மையச் சொல்லிக் கப்பைக் காப்பாத்தினேன்ல? 'இல்ல'ன்னு சொல்லியிருந்தா ராய்ஸ்கிட்டப் போயிருக்கும்."

தோரா என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"என்னங்க சொல்றீங்க? கிளப் கேள்வி அஞ்சுதான். அஞ்சாவது முடிஞ்சதும் ஹாலிஸ் மிஷினை அணைச்சுட்டாரே. உங்க மூக்குக்கு முன்னாடிதானே அணைச்சாரு, நீங்க பாக்கலையா?"

நான் பார்க்கவில்லை. ராய்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.