மைத்துனரைப் படத்தில் ஒட்டிய வரலாறு

அஸ்தினாபுரம்,
நவம்பர் 24.

பொருள்: தாங்கள் காலமாகாதது குறித்து.
பார்வை: 20-ஆம் தேதி தங்கள் வாசலுக்கு வந்த மலர் வளையம்.

கர்த்தருக்குள் பிரியமும் கனமும் பொருந்திய மைத்துனர் திரு. ஜெபராஜ் அவர்களுக்கு, ஏசுபாதம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் தங்கை ரத்தினபாயும் சுகம். அங்கே நீங்களும் அக்காவும் சுகம் என்று வியாழக்கிழமை டெனிஸ் நேரில் பார்த்துவிட்டு வந்து சொன்னான். நீங்கள் உயிரோடு இருப்பதற்காக அன்று மாலை குடும்பமாக ஸ்தோத்திரம் பண்ணினோம். கடிதத்தில் எல்லோரும் எழுதுகிற சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதீர்கள், உண்மையாகவே பண்ணினோம்.

மேலே பொருள், பார்வை எல்லாம் போட்டிருப்பது பழக்கதோஷம். முப்பத்துநான்கு வருஷம் பதிவறைக் கண்காணிப்பாளராக இருந்தவனுக்கு வேறு மாதிரி கடிதம் எழுத வராது. போன் செய்யலாம் என்றால் என் நம்பரை நீங்கள் பிளாக் செய்துவிட்டீர்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவிலிருந்தும் கல்யாணத்தன்று இரவே வெளியேறிவிட்டீர்கள். நேரில் வரலாம், கோவிலம்பாக்கம் ஒன்றும் கடல் கடந்து இல்லை. ஆனால் வளையம் வந்த வாசலில் நானும் வந்து நின்றால் அக்கா கையில் என்ன இருக்குமோ என்று பயமாக இருக்கிறது. ஆகவே கடிதம்.

நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். மே மாதம் தாம்பரத்தில் நம் ஜெரூஷாவின் கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்க மேடைக்கு ஒவ்வொருவராக மைக்கில் கூப்பிட்டார்கள். சந்தன நிறச் சபாரி போட்டுக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தீர்கள். தாய்மாமனைத்தான் முதலில் கூப்பிடுவார்கள் என்று சட்டைப் பொத்தானை எல்லாம் சரிபார்த்துத் தயாராக இருந்தீர்கள். கூப்பிட்டது மாப்பிள்ளையின் பெரியப்பாவை. பிறகு அவருடைய சித்தப்பாவை. அதற்குப் பிறகும் உங்கள் பெயர் வரவில்லை. நீங்கள் எழுந்து, இடது கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டு (கோபம் வந்தாலும் துக்கம் வந்தாலும் உங்களுக்கு அந்தக் கை அங்கேதான் போகும்) விறுவிறுவென்று வெளியே போய்விட்டீர்கள். நீங்கள் இல்லாமலே படம் எடுக்கப்பட்டது. மைக்செட்காரன் பெயர்களைக் குழப்பிவிட்டான் என்று ஆறு மாதமாக எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். மச்சான், அது பொய். பட்டியல் நான் போட்டது. பிறந்த தேதி வாரியாகப் போட்டேன். மாப்பிள்ளையின் சித்தப்பா உங்களைவிட மூன்று மாதம் மூத்தவர். ஆபீசில் சீனியாரிட்டிப் பட்டியல் அப்படித்தான் போடுவோம், அதில் தாய்மாமன் என்று ஒரு பத்தி கிடையாது. இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது.

படம் சட்டம் போட்டு வந்தது. ஹாலில் ஆணியும் அடித்தாயிற்று. ரத்தினபாய் படத்தை ஒரு தடவை பார்த்தாள். "எங்கண்ணா இல்லாத படம் இந்த வீட்ல தொங்காது" என்று சொல்லிவிட்டுப் பீரோவுக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டாள். அன்றிலிருந்து அந்த ஆணியில் என் குடைதான் தொங்குகிறது. குடையைப் பார்க்கும்போதெல்லாம் அவள் சமையலறைக்குள் போய் மிக்சியைப் போட்டுக்கொண்டு அழுகிறாள். இந்த வீட்டில் இவ்வளவு சட்னி எதற்கு என்று எனக்கா தெரியாது? வருகிற டிசம்பர் 13 சனிக்கிழமை வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம். ஜெரூஷாவும் மாப்பிள்ளை காலேபும் சம்பந்தி வீட்டாரோடு வருகிறார்கள். அதற்குள் அந்த ஆணியில் நீங்கள் உள்ள படம் ஏற வேண்டும் என்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். உங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்பதைவிட உங்களைப் படத்தில் ஒட்டிவிடுவது சுலபம் என்று அப்போது தோன்றியது.

ஸ்டூடியோவில் கொடுத்தால் செய்து தருவார்கள்தான். ஆனால் அங்கே இருப்பவன் "யார் சார் இவரு, ஏன் கல்யாணத்துக்கு வரலே?" என்று கேட்பான். குடும்ப விஷயம் கடைத்தெருவுக்குப் போகும். எங்கள் நலச்சங்கத்து மாடி அறையில் சனிக்கிழமை காலையில் 'குறைந்த செலவில் போட்டோ எடிட்டிங், ஆரம்பநிலை' என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். மாதச் சந்தா கட்டுகிற சாப்ட்வேர் இல்லை, ஒருமுறை வாங்கினால் நம் ஆயுசு முழுவதற்கும் போதும் என்றார்கள். பென்ஷன்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும், சேர்ந்துவிட்டேன். சொல்லிக்கொடுப்பது சின்மயி என்கிற பெண், ஐ.டி. கம்பெனியில் வேலை, ரொம்பப் பொறுமைசாலி. பக்கத்து நாற்காலியில் ஏகநாதன். சானடோரியம் பக்கம் பிரியாணிக் கடை வைத்திருக்கிறார், கடை போர்டுக்குப் பிரியாணியைப் பளபளப்பாக்க வந்தவர். நிறத்தைக் கூட்டிக் கூட்டி, கடைசியில் சிக்கன் துண்டு சிக்னல் விளக்கு மாதிரி ஆகிவிட்டது.

முதல் பாடம், வேண்டாததை அழிப்பது. மவுசை வைத்துத் தேய்த்தால் போதும், படத்தில் இருப்பது மறைந்து பின்னால் உள்ள சுவர் வந்துவிடுகிறது. மச்சான், அதிகாரம் கையில் இருக்கிற உணர்ச்சி எனக்கு ஆபீசில்கூட வந்ததில்லை. நம் கல்யாணப் படத்தைத் திறந்து பின்னணியைச் சுத்தம் செய்தேன். சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர் கேன், சாம்பார் வாளி, வாளியைத் தூக்கிக்கொண்டு போனவர், தூணோரம் பாதி மறைந்து நின்ற யாரோ ஒரு சமையல் ஆள், எல்லோரையும் தேய்த்து அனுப்பினேன். கை கொஞ்சம் வழுக்கி மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்கு ஒரு காதும் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவரப் போய் மூன்று காதாகிவிட்டது. ஆனாலும் அது சுத்தமான படம்.

இரண்டாம் பாடம் லேயர். ஒவ்வொரு ஆளையும் தனித்தனிக் கண்ணாடித் தாளில் வைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் தாளில் உள்ளவர் கீழே உள்ளவரை மறைப்பார் என்று சின்மயி சொல்லியிருக்கிறாள், நான்தான் சரியாகக் கேட்கவில்லை. மேலே என்றால் யார்? பெரியவர்கள். ஆகவே மரியாதை வரிசைப்படி அடுக்கினேன். எல்லோருக்கும் மேலே போதகர், அவருக்குக் கீழே சம்பந்தி, அப்புறம் பெரியப்பா, சித்தப்பா. வயதில் சிறியவள் என்பதால் ஜெரூஷா எல்லோருக்கும் அடியில் போனாள். முடித்துவிட்டுப் பார்த்தால் போதகரின் அங்கிக்குப் பக்கத்திலிருந்து ஒரு பூங்கொத்து மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. "அங்கிள், இது யாரோட கல்யாணம்?" என்று சின்மயி கேட்டாள். ஏகநாதன் எட்டிப் பார்த்து, "இன்னா சார், பொண்ணையே காணோம், கமிட்டி மீட்டிங் மாதிரி கீது" என்றார். "லேயர்ல சீனியாரிட்டி கிடையாது அங்கிள்" என்று அந்தப் பெண் சிரிக்காமல் சொன்னாள். ஒரே வாழ்க்கையில் இரண்டாம் முறை அதே பட்டியலால் அவமானப்பட்டேன்.

அடுத்தது நீங்கள். உங்கள் படம் வேண்டுமே. ரத்தினபாய் பெட்டியைக் கவிழ்த்ததில் மூன்று கிடைத்தன. ஒன்று, பந்தியில் வாய் நிறைய பிரியாணியோடு. இரண்டு, வண்டலூரில் நீர்யானைக்கு முன்னால் பிடரியைப் பிடித்துக்கொண்டு. அதில் நீர்யானைதான் கேமராவைப் பார்க்கிறது. மூன்று, உங்கள் பணி ஓய்வு விழாவில் கோட்டும் சம்பங்கி மாலையுமாக, இடுப்பு வரை. மூன்றாவதை எடுத்தேன். ஒட்டியதும் ஏகநாதன் பதறிவிட்டார். "சார், மச்சானுக்குக் காலே இல்ல, காத்துல தொங்குறாரு!" அதற்காகச் சம்பந்தியின் காலை நகலெடுத்துக் கொடுத்தேன். மேலே கோட்டு, கீழே பட்டு வேட்டி. மாலையோடு ஜெரூஷாவுக்கு மறுபக்கம் நின்றதால் அவளுக்கு இரண்டு மாப்பிள்ளை மாதிரி இருந்தது. அதில் சிரிப்பைக் கூட்டிக் குறைக்க ஒரு பொத்தான் இருக்கிறது. எண்பது வரை நகர்த்தி வீட்டில் காட்டினேன். ரத்தினபாய் "ஐயோ, யாருங்க இது?" என்று அலறினாள். உங்கண்ணாதான் என்றேன். "எங்கண்ணா எப்பங்க சிரிச்சாரு?" என்றாள். பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது.

இப்போது வளையத்துக்கு வருகிறேன். வெளிச்சமும் நிழலும் பொருந்துகிறதா என்று பார்க்க, படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்க்கலாம் என்று சின்மயி சொல்லியிருந்தாள். வியாழன் காலை உங்களை மட்டும் தனியாக எடுத்து, மாலையோடு, கறுப்பு வெள்ளையாக்கி, நாலு பேரிடம் கருத்துக் கேட்போம் என்று குடும்பக் குழுவில் போட்டேன். கீழே "நம் ஜெபராஜ்" என்று எழுதினேன். "இப்படி இருந்தால் போதுமா?" என்று அடுத்த வரி எழுதுவதற்குள் கேஸ் சிலிண்டர் வந்திருக்கிறது என்று ரத்தினபாய் கூப்பிட்டாள். சிலிண்டரை மாட்டி, கசிகிறதா என்று பார்த்துவிட்டு வர இருபத்தைந்து நிமிஷம். வந்து பார்த்தால் நாற்பத்துமூன்று செய்தி. முதலில் தபீதாள் பெரியம்மா, "ஐயோ, எப்போ?" அப்புறம் வரிசையாகக் கைகூப்பிய படங்கள், ஆறுதல் வசனங்கள், அடக்கம் எத்தனை மணிக்கு என்கிற விசாரணை. உங்களோடு பத்து வருஷமாகப் பேசாத சித்தப்பா மகன்கூட, "தங்கமான மனிதர், கோபம் இருந்த இடத்தில்தான் குணம் இருந்தது" என்று எழுதியிருந்தார். இவ்வளவு நல்ல வார்த்தைகளை ஒருவர் உயிரோடு இருக்கும்போது கேட்பது அபூர்வம். வேண்டுமானால் அச்செடுத்து அனுப்புகிறேன். பதறிப்போய்ப் படத்தை அழித்தேன். அழித்ததும், "பாவம், ஏசுபாதத்தால் பார்க்க முடியவில்லை போலிருக்கிறது" என்று இன்னும் பன்னிரண்டு ஆறுதல் வந்தது. குழுவில் நீங்கள் இருந்திருந்தால் "நான் சாகவில்லை" என்று ஒரு வரி போட்டு முடித்திருக்கலாம். இல்லாமல் போய்விட்டீர்கள்.

இதற்குள் குரோம்பேட்டை டெனிஸ் வளையம் வாங்கிக்கொண்டு உங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். வாசலில் நீங்கள் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததையும், அக்கா கதவைத் திறந்து வளையத்தைப் பார்த்து, "ஏங்க, உங்களுக்குத்தான்" என்று சொன்னதையும், எங்கே வைப்பதென்று தெரியாமல் தான், "அண்ணா, கிறிஸ்மஸ் வருதில்ல, கதவுல மாட்டலாம்னு வாங்கினேன்" என்று சமாளித்ததையும் அவனே சொன்னான். பாவம், அவனை ஒன்றும் சொல்லாதீர்கள். அதன் பிறகு வந்த போன்களுக்கு எல்லாம் நீங்களே "நான்தான் பேசுறேன்" என்று பதில் சொன்னதில் இரண்டு பேருக்கு மயக்கம் வந்ததாகவும் கேள்வி.

ஆகவே மச்சான், சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களைப் படத்தில் சேர்க்க என்னால் முடியவில்லை. சாப்ட்வேரில் குறையில்லை. பட்டியல் போட்டது என் தப்பு, மைக்செட்காரன் மேல் பழி போட்டது அதைவிடப் பெரிய தப்பு. மன்னியுங்கள். 13-ஆம் தேதி கூட்டத்துக்கு நீங்களும் அக்காவும் வர வேண்டும். எல்லோரும் நிற்போம், உங்களை முதலில் கூப்பிடுகிறேன், உண்மையான படம் ஒன்று எடுப்போம். கல்யாணப் படம் பீரோவுக்குப் பின்னாலேயே கிடக்கட்டும். நீங்கள் விட்டுவிட்டுப் போன படத்தில் உங்களை இனிமேல் கொண்டுவர யாராலும் ஆகாது.

அக்காவுக்கு எங்கள் தோத்திரம் சொல்லவும். உங்கள் முழங்கால் வலிக்காக இங்கே ஜெபிக்கிறோம். கர்த்தர் உங்களுக்கு நீண்ட ஆயுளைத் தருவாராக, அதற்கு இப்போது ஐம்பத்தைந்து பேர் சாட்சி.

இப்படிக்கு,
தங்கள் கீழ்ப்படிதலுள்ள தங்கை கணவன்,
ச. ஏசுபாதம்.

பின்குறிப்பு: மேலே எழுதியதில் பாதிக்குமேல் ரத்து. உறையை ஒட்டப் போகும்போது ரத்தினபாய், "நீங்க கை வைக்காத முதல் படத்தைக் காட்டுங்க, ஒரு தடவை பாத்துக்கறேன்" என்றாள். அசல் பிரதியைத் தொடாமல் தனியாக வைக்கச் சொல்லியிருந்தாள் சின்மயி, அது ஒன்றை மட்டும் நான் ஒழுங்காகச் செய்திருந்தேன். திறந்து காட்டினேன். நாற்காலி, கேன், வாளி எல்லாம் இருந்தன. "தூண்கிட்ட யாருங்க?" என்றாள். சமையல் ஆள் என்றேன். "சமையல் ஆளு சபாரி போடுவானா? பெருசாக்குங்க" என்றாள். பெரிதாக்கினேன். சந்தன நிறம். இடது கை பிடரியில். வலது கையில் கைக்குட்டை, அது கண்ணில். மேடையில் நிற்கிற ஜெரூஷாவைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் போகவேயில்லை மச்சான். ஆறு மாதமாக அந்தப் படத்தில் இருந்த உங்களை நானே தேய்த்து அழித்துவிட்டு, வேறு உங்களைத் தேடி ஊரெல்லாம் அலைந்திருக்கிறேன். ரத்தினபாய் திரையைத் தொட்டுத் தொட்டு அழுதாள், மிக்சி போடாமல் அழுதாள். பிறகு எழுந்து போய்ப் பீரோவுக்குப் பின்னாலிருந்து சட்டத்தை எடுத்து, துடைத்து, குடையை இறக்கிவிட்டு அவளே மாட்டினாள். சாம்பார் வாளியோடு, மூன்று காது இல்லாமல், நீங்கள் உள்ள படம் இப்போது எங்கள் ஹாலில் தொங்குகிறது. கடைசி வரியை அவள்தான் எழுதுவேன் என்கிறாள்.

அண்ணா, தூணு பாதி மறைக்குது. 13-ஆம் தேதி அதே சபாரியப் போட்டுக்கிட்டு வா. ரத்தினம்.