"ஆச்சு" என்ற ஒரே பொத்தான்

என் மாமியாரை மயங்கி விழ வைத்தவள் நான்தான். பூரிக்கட்டையெல்லாம் எடுக்கவில்லை, ஒரு செயலி எழுதினேன், அவ்வளவுதான்.

திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் ஒரு மருத்துவமனை. சர்க்கரை நோயாளிகளுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் செயலி கேட்டார்கள். சரியாக ஓடினால் என் வேலை நிரந்தரம். கடிகார நேரம் எதற்கு, மாத்திரையைச் சாப்பாட்டோடு கட்டிவிடலாம் என்று எனக்கு ஞானோதயம். போன் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்கும் (குரல் அடியேனுடையது). "ஆச்சு" என்ற பொத்தானை அமுக்கினால் "மாத்திரை போடுங்க" என்று சொல்லும். அமுக்காவிட்டால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கேட்டுக்கொண்டே இருக்கும்.

"சாப்பிடாதவங்க எதை அமுக்குவாங்கம்மா?" என்றார் டாக்டர்.

"சாப்பிடாம யார் சார் இருக்கப்போறாங்க?" என்றேன். விரதக்காரர்கள் நிறைந்த திருவண்ணாமலையில் உட்கார்ந்துகொண்டு! (மூளையைக் கழற்றி எங்கே வைத்திருந்தேனோ.)

முதல் சோதனை மாமியார் போனில். அந்த வாரமே கார்த்திகை தீபம் வந்தது. மலையில் தீபத்தைப் பார்க்கும்வரை அத்தைக்குத் தண்ணீர் மட்டும்தான்.

மாலையில் மொட்டை மாடியில் எல்லோரும் மலையைப் பார்த்து நின்றோம். அத்தைக்கு வியர்த்துக் கொட்டியது, கை நடுங்கியது.

"காலையிலேர்ந்து உன் குரல் கூவிக்கினே இருந்துச்சிடி. தொல்லை தாங்காம மூணு மணிக்கு ஆச்சுன்னு அமுக்கிட்டேன். மாத்திரை போடுன்னே, போட்டுட்டேன்."

"வெறும் வயித்துலயா அத்தை?"

"நீதானேடி சொன்னே!"

சொல்லிவிட்டு அப்படியே சரிந்தார். அதே நொடி மலையுச்சியில் தீபம். ஊரே "அரோகரா" என்றது, எங்கள் மாடி மட்டும் "சர்க்கரை கொண்டா!" என்று அலறியது. ஆளையே கொன்றுவிட்டேனோ என்று எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் கையிலிருந்த போன் அடுத்த வேளைக்காக நிதானமாகக் கேட்டது: "சாப்பிட்டாச்சா?" என் கணவர் அதைப் பிடுங்கி ஆஃப் செய்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நாக்கில் சர்க்கரையைத் தடவத் தடவ, அத்தை கண் திறந்தார். முதலில் கேட்டது, "ஏத்திட்டாங்களா?" கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஒரு வருஷம்கூடத் தீபம் ஏற்றுவதைப் பார்க்கத் தவறாதவர். நான் ஓவென்று அழுதேன். வேலை என்ன ஆனது என்று கேட்காதீர்கள்.

வீட்டில் இன்றைக்கும் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். நான் நிஜமான அக்கறையோடு "சாப்பிட்டீங்களா அத்தை?" என்று கேட்டால், அவர் பேசுவதே இல்லை. இடது உள்ளங்கையை நீட்டி, வலது ஆள்காட்டி விரலால் ஒரு அமுக்கு. குடும்பமே கோரஸாக "ஆச்சு!" என்கிறது. உண்மையிலேயே சாப்பிட்டாரா இல்லையா என்று தெரிந்துகொள்ள எனக்கு இன்றுவரை வழியில்லை.