கடல் நிற்கும் இடம்

"சார், இது முட்டைதானா, இல்ல வேற என்னமுமா?"

பின்பக்கச் சுவருக்கு மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டை நீண்டது. அதைப் பிடித்திருந்தவள் பக்கத்து வீட்டு பிளாரன்ஸ். சிரட்டைக்குள் உடைத்து ஊற்றிய கோழிமுட்டை. வெள்ளைக்கரு வெள்ளையாகத்தான் இருந்தது. மஞ்சள்கரு இருக்க வேண்டிய இடத்தில் செம்பருத்திப்பூ நிறத்தில் ஒன்று மிதந்தது.

சிவசுப்பிரமணியனுக்கு முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றியது. கூடவே துள்ளிக் குதிக்கவும் தோன்றியது. இரண்டையும் அடக்கிக்கொண்டு, "அட!" என்றார்.

அவருக்கு மீன்துறையில் உத்தியோகம். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில்தான் தூத்துக்குடிக்கு மாற்றலாகி வந்திருந்தார். பகலெல்லாம் மீனை அறுத்து, அதன் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பார். வீட்டுக்கு வந்ததும் தலைமுழுகிவிட்டுத்தான் ரசம் சோற்றில் கை வைப்பார். சுத்த சைவம்.

கரையில் ஒதுங்கும் பாசியின் மேல்தான் அவருக்குப் பைத்தியம். பாசி அழுகினால் அதற்குள் நெல்மணி அளவில் துள்ளுபூச்சிகள் பெருகும். பூச்சியை உள்ளான் குருவி கொத்தும், ஓணான் நக்கும். குருவியை வல்லூறு தூக்கிக்கொண்டு பனங்காட்டுப் பக்கம் போகும். இப்படி வாய்க்கு வாய் மாறி, கடலில் விளைந்தது ஊருக்குள்ளே எவ்வளவு தூரம் போகிறது? இதைக் கண்டுபிடிக்க அனுமதி கேட்டபோது தலைமை ஆபீஸ் மேலதிகாரி ஞானதீபம் ஒரே வரியில் முடித்துவிட்டார்.

"மிஸ்டர் சிவசுப்பிரமணியன், கடல் ஈரமணலோட முடிஞ்சுது. அதுக்கு மேல ரெவின்யூ டிபார்ட்மெண்ட்."

அனுமதி இல்லாவிட்டால் என்ன, வீட்டுக்குப் பின்னால் இடம் இருந்ததே. ஒரு வண்டிப் பாசியைக் கொண்டுவந்து கொட்டினார். ஆபீசில் கொழுப்பை அடையாளம் காண வைத்திருந்த சிவப்புச் சாயத்தை மீன் எண்ணெயில் குழைத்து, மீன் குடலில் தடவி, பாசிக்குள் புதைத்தார். அந்தச் சாயம் கொழுப்பில் மட்டுமே ஒட்டும். தின்ற பூச்சிக்குள் தங்கும், பூச்சியைத் தின்றதற்குள்ளும் போய்த் தங்கும். ஓர் ஓணானைப் பிடித்து அறுத்துப் பார்ப்பதாக அவருக்குத் திட்டம். பிளாரன்ஸின் கோழிகள் சுவர் தாண்டும் என்பது திட்டத்தில் இல்லை.

"என்ன சார் முழிக்கிய? ஏதும் கெட்டதா?" என்றாள் பிளாரன்ஸ்.

"கெட்டதா! இது ரொம்ப நல்ல முட்டை. ரத்த விருத்திக்கு இதுக்கு மிஞ்சி ஒண்ணும் கிடையாது." அவள் பயந்துபோய்க் கோழிகளை அறுத்துவிடக் கூடாதே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார்.

பிளாரன்ஸ் அதைத் தனக்குள் வைத்துக்கொள்கிறவள் இல்லை. மாதா கோயிலில் காலைப் பூசை முடிந்து கலைவதற்குள் தெரு முழுக்கச் சேதி பரவியிருந்தது. பிள்ளை பெற்றவள், காய்ச்சலில் கிடந்து எழுந்தவன், சும்மாவே சோர்வாக இருப்பவன் என்று ஆளாளுக்கு அவள் வாசலில் வந்து நின்றார்கள்.

சிவசுப்பிரமணியனுக்கு அப்போதுதான் உறைத்தது. கோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. மனுஷனுக்கு? சாயப் புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இதைத் தின்னலாமா கூடாதா என்று அதில் ஒரு வார்த்தை இல்லை.

முதலில் சுவரின் மேல் ஓலைத்தட்டி வைத்துக் கட்டினார். கோழிகள் தட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, பாசியை நன்றாகப் பார்த்துக்கொண்டு குதித்தன. மறுநாள் விடியற்காலையில் பாசி முழுவதையும் அள்ளிக் கொண்டுபோய்த் தெருமுனைக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டு, நிம்மதியாக ஆபீசுக்குப் போனார்.

நாலைந்து நாளில் பிளாரன்ஸ் சண்டைக்கு வந்தாள்.

"நல்லா இருக்கு சார் நீங்க செய்யுதது! இப்பம் அத்தனை வீட்டுக் கோழியும் செவப்பாத்தான் போடுது. என் முட்டைய இனி எவ கேப்பா?"

"எல்லா வீட்டிலயுமா?"

"வாத்தியார் வீட்டு வாத்துகூட!"

வாத்தைப் பற்றி மேற்கொண்டு விசாரிக்க ஆசையாக இருந்தது. ஆனால் தெருவே தின்று தெருவே படுத்துவிட்டால்? அன்று சாயங்காலமே ஒரு கைவண்டி பிடித்துப் பாசியைக் கடலிலேயே திரும்பக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அடுத்து முட்டைகள். "சர்க்கார் ஆராய்ச்சிக்கு வேணும். ஒண்ணு விடாம வாங்கிக் குடு" என்று பிளாரன்ஸையே அனுப்பினார். அவளும் கோபம் தணிந்து, வீடு வீடாக ஏறி இறங்கி, கூடை கூடையாகக் கொண்டுவந்து கொடுத்தாள். அவற்றை எங்கே வைப்பது? மாட்டுக்கு வாங்கி வைத்திருந்த தவிட்டுப் பானைதான் கண்ணில் பட்டது.

மறுநாள் மாட்டுக்குத் தவிடு அள்ளப் பானைக்குள் கைவிட்டாள் அவர் மனைவி சந்தனமாரி. விரலில் வழவழவென்று தட்டியதை வெளியே எடுத்துப் பார்த்தவள் போட்ட சத்தத்தில் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு நின்றது.

"என்னங்க இது? நம்ம வீட்டுல? முட்டையா?"

"ஏளா, சத்தம் போடாத. அது ஆபீஸ் சாமான்."

"ஆபீஸ் சாமான ஆபீசுல வைக்கதுக்கு என்ன?"

"அங்கன வச்சா ஆபீசுல யாராவது பாத்துருவாவ."

"இங்கன வச்சா எங்க அம்மா பாத்துருவா. அவ நாளைக்கு வாரா, தெரியும்லா?"

"நாளைக்கு எடுத்துருதேன்" என்று சொல்லிவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினார்.

மறுநாள் ஆபீசுக்குப் போனால் ஞானதீபமே அங்கு வந்து உட்கார்ந்திருந்தார். முத்துப் படுகைகளைப் பார்வையிட வந்திருக்கிறாராம். ஊரில் மூன்று நாள் தங்கலாம். இரவில் படுக்கை, சாப்பாடு எல்லாம் பயணியர் பங்களாவில்.

சிவசுப்பிரமணியன் முதலில் சாயப் புட்டியை அலமாரிக்குள் தள்ளி மூடினார். பிறகு, வாத்துவரை போன பிறகு இனி எதை மறைப்பது என்று துணிந்துவிட்டார். பாசியையும் பூச்சியையும் கோழியையும் பற்றி ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தார். "சார், கடல் தரையில ஏறுது. அத்தாட்சி என் வீட்டிலயே இருக்கு."

ஞானதீபம் மூக்கில் வைத்திருந்த கைக்குட்டையை எடுத்தார். அவர் பனங்காட்டுச் சீமையான சாத்தான்குளத்துக்காரர். மீன்துறையில் இத்தனை காலம் இருந்தும் மீன் வாடை அவருக்குப் பழகவில்லை. "சரி, ஊருக்குப் போற அன்னைக்கு வந்து பாக்கேன்" என்றார்.

சிவசுப்பிரமணியன் தெருவே திரும்பிப் பார்க்கும்படி வேகமாக வீட்டுக்கு நடந்தார். வாசலிலேயே சாம்பிராணி வாசனை வந்தது. தவிட்டுப் பானை கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. உள்ளே மாமியார் தலைமாட்டில் பெட்டியோடு படுத்திருந்தாள்.

"முட்டை எங்க?"

"பிளாரன்ஸ்கிட்டயே தூக்கிக் குடுத்துட்டேன்" என்றாள் சந்தனமாரி. "நீங்க எடுக்கேன்னுதான சொன்னிய?"

சுவரோரம் ஓடினார். "பிளாரன்ஸ்! முட்டை!"

"மார்க்கெட்டுல போட்டுட்டேன் சார். சர்க்காருக்கு வேண்டாம்னு அக்கா சொன்னாவள்லா."

"யாரு வாங்கினா?"

"மார்க்கெட்டுல வாங்குதவன் பேரெல்லாமா கேப்பாவ?"

மூன்று நாளும் தெருவில் இட்ட முட்டைகளை எல்லாம் அவர் புதிதாக வாங்கிச் சேர்த்தார். இந்தத் தடவை சந்தனமாரியே, அம்மாவுக்குத் தெரியாமல், மாட்டுக்கொட்டிலில் இடம் ஒதுக்கிக் கொடுத்தாள். புருஷனின் முகம் வாடிக் கிடந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை.

சொன்னபடி ஞானதீபம் வந்தார். கொட்டில் வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். பிளாரன்ஸ் சிரட்டையோடு உதவிக்கு நின்றாள். சிவசுப்பிரமணியன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முதல் முட்டையை உடைத்தார். மஞ்சள். அடுத்ததும் மஞ்சள். பாசியைக் கடலில் கொட்டி ஐந்தாறு நாளாகிவிட்டதே என்ற நினைப்பு மூன்றாவது முட்டையின்போதுதான் அவருக்கு வந்தது. கடைசியில் வாத்து முட்டையையும் உடைத்தார். அதுதான் எல்லாவற்றிலும் நல்ல மஞ்சளாக இருந்தது.

"செவப்பாத்தான் இருந்துச்சு சார்! மாதா சத்தியமா!" என்றாள் பிளாரன்ஸ்.

ஞானதீபம் திட்டவில்லை. அன்றைக்கு அவர் ஏனோ நல்ல மனநிலையில் இருந்தார். எழுந்து வந்து சிவசுப்பிரமணியனின் தோளில் கை வைத்தார்.

"நீர் நல்ல மனுஷன்தான். ஆனா நான் சொல்லுதத நம்பும். கடல் கடல்தான், கரை கரைதான். என்னையே எடுத்துக்கிடும். பிறந்ததுல இருந்து ஒரு நெத்திலி நாக்குல பட்டதில்லை. எனக்குள்ள கடல் ஒரு சொட்டு கிடையாது. நான் முழுக்கப் பனங்காடு. எனக்குள்ள அது எப்படி வரும், சொல்லும் பாப்பம்?"

சிவசுப்பிரமணியன் முட்டை ஓடுகளைப் பொறுக்கினார். ஞானதீபம் ஜட்காவில் ஏறிப் பங்களாவுக்குப் போனார். சாயங்கால ரயிலுக்குப் பெட்டி கட்ட வேண்டும்.

சந்தனமாரி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றாள். "நான்தான் கெடுத்தேன், என்னங்க?"

"இல்லம்மா. நம்ம தெருவுல யாருக்கும் ஒண்ணும் ஆகல. வேலையும் போகல." காப்பியை ஒரு வாய் குடித்தார். உண்மையாகவே மனசு லேசாகத்தான் இருந்தது. "கடல் எங்க போய் நிக்கிதுன்னுதான் தெரியல."

அப்போது வாசலில் சைக்கிள் மணி அடித்தது. இறங்கியவன் பயணியர் பங்களாச் சமையல்காரன் ஹாமிது, காயல்பட்டினத்து ஆள். ஓட்டி வந்த வேகத்தில் வேர்த்து ஊற்றியது. இன்னும் போகாமல் நின்ற பிளாரன்ஸிடம் நேராக வந்து வெறுங்கூடையை நீட்டினான்.

"அக்கா, மார்க்கெட்டுல கேட்டா நீங்க குடுத்ததுன்னு சொன்னாவ. அந்தச் செவத்தக் கரு முட்டை இன்னும் இருக்கா? மூணு நாளா நான் அதுல செஞ்ச ரோஜா நிறத்துப் புட்டிங் பலகாரத்தத் தவிர பங்களாவுல தங்கியிருக்க ஆபீசரு ராத்திரிக்கு வேற எதையும் தொடல, இப்பம் ரயிலுக்கும் ஒரு சட்டி கட்டித் தந்தாத்தான் ஊருக்கே போவேங்காவ!"