பார்ட்ஸ் கொழும்பிலிருந்து வரவேண்டும்

மட்டக்களப்பு வாவியின் இரண்டு கரைகளிலும் சல்லடை போட்டுத் தேடினாலும், திருத்திய போனைத் திருப்பிக் கொடுக்காமல் இருப்பதில் கொழும்புப் பார்ட்ஸ் என்று நாங்கள் அழைத்த மனிதரை வெல்ல ஓர் ஆள் கிடைக்காது. அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ஆரையம்பதியில் அதை அறிந்தவர் எவருமில்லை. பிரதான வீதியிலிருந்த அவருடைய போன் திருத்தும் கடைக்கு எப்போது போய்க் கேட்டாலும் ஒரே பதில்தான்: "பார்ட்ஸ் கொழும்பில இருந்து வரணும்."

எங்கள் பக்கத்தில் இந்தப் பதிலை யாரும் சந்தேகிப்பதில்லை. தண்ணீர் மோட்டார், தையல் மெஷின், பிரிட்ஜ், எது பழுதானாலும் அதற்குரிய சாமான் கொழும்பில்தான் இருக்கும். கடைக்காரர் போன் பண்ணிச் சொல்ல, அது பார்சலாகி, பஸ் கண்டக்டர் கைக்கு மாறி, விடியற்காலையில் இங்கே வந்து இறங்கும். வராவிட்டால் மறுநாள். மறுநாளும் வராவிட்டால் நாங்கள் கோபிப்பது பஸ்ஸைத்தான், கடைக்காரரை அல்ல. எங்களுடைய இந்தப் பொறுமையை முதலாக வைத்துத்தான் அந்த மனிதர் தொழில் நடத்தினார்.

ஊரார் போனையெல்லாம் திருத்தியவர் கையில் இருந்தது ஒரு பட்டன் போன். அதன் பற்றரி விழாமல் றப்பர் வளையம் போட்டிருப்பார். எந்நேரமும் கண்ணுக்கு முன்னால் ஒரு பூதக்கண்ணாடி. போனைக் கொடுத்தால் அதை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, கூட வந்த பிள்ளையைத்தான் பரிசோதிப்பார். பிள்ளை வரவில்லையென்றால், "இத ஆரு கூடுதலாப் பாக்கிற?" என்று கேட்டு, அந்த ஆளைக் கூட்டிவரச் சொல்வார். பிறகு கடையின் பின்கதவைத் திறப்பார். பின்னால் வாவி.

"அங்க தண்ணியில என்ன தெரியிது, சொல்லுங்க பாப்பம்."

"தோணி" என்றால் இரண்டு நாளில் போன் கைக்கு வரும். "தோணி, அதில ரெண்டு பேர், ஒராள் வலை வீசுறார்" என்றால் அன்று பின்னேரமே வாங்கிக்கொண்டு போகலாம். சித்தாண்டியிலிருந்து வந்த ஒரு பிள்ளை தோணியைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, அதைப் பெரிதாக்கிப் பார்ப்பதற்காக இரண்டு விரல்களைக் காற்றில் விரித்ததாம். அந்தப் போனுக்குரிய பார்ட்ஸ் வர ஒன்றரை மாதம் பிடித்தது. இந்தக் கணக்கெல்லாம் எங்களுக்குப் பிறகுதான் விளங்கியது.

பிற்காலத்தில் அவர் சறுக்கியதும் உண்டு. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளையின் போனை மூன்று கிழமை பிடித்து வைத்துவிட்டார். ரியூசன் சேரின் பாடங்களெல்லாம் அந்தப் போனில்தான் வந்துகொண்டிருந்தன. பிள்ளையின் தாய் விளக்குமாற்றோடு கடைக்குள் ஏறினாள்.

"என்ட புள்ள பெயிலானா நீங்களா வந்து சோதின எழுதுவீங்க?"

"போன் கைக்கு வந்தா படமும் பாப்பாள், தங்கச்சி."

"படிப்புக்குத்தான் வாங்கின! குடுங்க இஞ்ச!"

கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. பரீட்சை முடியும் வரை, போனில் வந்த பாடங்களை அப்பியாசக் கொப்பியில் கையால் எழுதி, பின்னேரங்களில் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தத் தாய் இதற்கு எப்படிச் சம்மதித்தாள் என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. எழுதியதில் கணக்குக்குக் கணக்கு பிழை. அந்தப் பிழைகளைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்தே பிள்ளை கெட்டிக்காரியானாள் என்று அவர் சொல்லித் திரிந்தார். தாய் சொல்லும் கதை வேறு.

என் கதைக்கு வருகிறேன். என் மகளுக்கு அப்போது மூன்றரை வயது. போனில் கார்ட்டூன் ஓடினால்தான் வாயைத் திறப்பாள். அதுவும் சோற்றுக்குத்தான், பேச்சுக்கு அல்ல. ஆங்கில எழுத்துகளை வெள்ளைக்காரப் பிள்ளை மாதிரிச் சொல்வாள். நிறங்களையும் அப்படியே. தண்ணீர் வேண்டுமென்றால் மட்டும் என் கையைப் பிடித்துக் குடத்தடிக்கு இழுப்பாள். ஒரு மனிதரைப் பார்த்து ஒரு வசனம் பேசியதில்லை. நேசரி ரீச்சர், "கொஞ்சம் கதைக்கத் தொடங்கின பிறகு கொண்டு வாங்க" என்று திருப்பி அனுப்பினார். டொக்டர் போனை நிறுத்தச் சொன்னார். நானும் மனைவியும் நன்றாகத் தலையாட்டிவிட்டு வந்து, அடுத்த வேளைச் சோற்றையே போனைக் கொடுத்துத்தான் ஊட்டினோம். எனக்குப் பயமாக இருந்தது. அந்தப் பயத்தை மறக்க நானும் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள், வீட்டிலிருந்த அந்த ஒரே போன் சொதிக் கோப்பைக்குள் விழுந்தது. மகளையும் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். பின்கதவு திறந்தது. கேள்வியும் வந்தது. மகள் வாவியின் பக்கம் திரும்பவே இல்லை. மேசையில் கிடந்த போன்களையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பார்ட்ஸ் கொழும்பில இருந்து வரணும், தம்பி."

அடுத்த நாளிலிருந்து, பின்னேரமானால் மகள் என் சாரத்தைப் பிடித்துக் கடைக்கு இழுக்கத் தொடங்கினாள். முதல் கிழமை முழுவதும் வாசலில் புரண்டு அழுதாள். அவர் அசரவில்லை. "கொழும்பு பஸ் இன்னும் வரல்ல மகள். வழியில யானை மறிச்சிட்டாம்" என்றார். மறுநாள் டயருக்குக் காற்றுப் போயிருந்தது. அதற்கடுத்த நாள், தேத்தண்ணீர் குடிக்க இறங்கிய டிரைவர் ஏற மறந்துவிட்டார். பிறகு மறுபடியும் யானை. மகள் அழுகையை விட்டுவிட்டு அவருடைய வாயைப் பார்க்க ஆரம்பித்தாள். வீட்டில் ஒரு வாய் சோறு ஊட்டுவதற்கு நாங்களும் அந்தப் பஸ்ஸை ஓட்டவேண்டியதாயிற்று.

மூன்றாம் கிழமை ஒரு பின்னேரம், நாங்கள் வழக்கத்தைவிடப் பிந்திக் கடையில் நிற்கும்போது மேசை லாச்சிக்குள் ஓர் அலாரம் அடித்தது. மகளுக்கு விற்றமின் பாணி கொடுப்பதற்காக என் போனில் நான் வைத்திருந்த அலாரம். மனுசன் சார்ஜும் ஏற்றி வைத்திருக்கிறார்!

"அண்ணன், இது என்ட போன்தானே?"

"ஓம்."

"வேல செய்யிதே!"

"வந்த அண்டைக்கே சரியாகிட்டு. போனில ஒரு பழுதும் இல்ல."

"மறுகா என்னத்துக்கு வெச்சிரிக்கீங்க?"

அவர் என் மகளைக் கண்ணால் காட்டினார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "என்ட புள்ளய வளக்க எனக்குத் தெரியும்!" என்று கத்தினேன். தெரியாது என்பது அங்கே நின்ற மூவருக்கும் தெரிந்திருந்தது. அவர் லாச்சியைத் திறந்து, அடித்துக்கொண்டிருந்த போனை மேசையில் வைத்தார்.

மகள் என் சாரத்தை விட்டுவிட்டு மேசைக்குக் கிட்டப் போனாள். போனைத்தான் எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் அவருடைய முகத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

"மாமா, யானை பஸ்ஸில ஏறினதா?"

அவர் பூதக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நன்றாக யோசித்தார்.

"ஏறல்ல மகள். சீற் இல்லயாம்."

"நிண்டு வரட்டும்" என்றாள்.

பேசும் காலம் வந்துதான் பேசினாள், போனை நிறுத்தியதும் உதவியிருக்கலாம் என்றார் டொக்டர். இருக்கலாம். இப்போது அவள் இரண்டாம் வகுப்பு, வாய் மூடுவதில்லை. போனும் பார்க்கிறாள், எங்களோடு சண்டை பிடித்து, அளவாக. கடை இப்போது அவருடைய மருமகன் கையில். கொடுத்த அன்றே போன் கிடைத்துவிடுகிறது. என் மகள் ஒரு மனிதரிடம் கேட்ட முதல் கேள்வியை என்னிடம் கேட்கவில்லையே என்ற பொறாமை எனக்கு வெகுநாள் இருந்தது. ஆனால் என்னிடம் கேட்டிருந்தால், யானை பஸ்ஸில் ஏறாது என்று சொல்லி, அதோடு பேச்சை முடித்திருப்பேன்.