வின்னியின் கட்டிலும் சரோஜம்மாவின் சுவரும்

மைசூர் மைன்ஸ்,
கோலார் தங்க வயல்.

மரியாதைக்குரிய ஏனோக் மச்சானுக்கு,

உங்கள் மைத்துனன் சுந்தரராஜ் ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் என் வீட்டுக்காரி எலைனும் சுகம். அங்கே நீங்களும், என் அக்கா ஐடாவும், கல்யாணப் பெண் வின்னியும், உங்கள் தொப்பையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போன் இருக்க, ஆபீஸ் முகவரிக்கு ஏன் கடிதம் என்று முழிக்காதீர்கள். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவீர்கள். இதை அக்கா கேட்டால் நான் செத்தேன்.

நிச்சயதார்த்தத்தில் நான் மைக்கைப் பிடுங்கி, "என் அக்கா பொண்ணு கடைக் கட்டில்ல படுக்கமாட்டா, தாய்மாமன் நான் என் வீட்ல என் கையால செஞ்சு தருவேன்" என்று சொன்னேன் அல்லவா? மாப்பிள்ளை வீட்டார் கை தட்டினார்கள், நீங்கள் மட்டும் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்புக்காகவே பெங்களூரில் மூடிவிட்ட ஒரு மரக்கடையிலிருந்து ஜாயிண்டர் மெஷின் வாங்கினேன். இரண்டு இரும்பு மேஜை, நடுவில் சுற்றுகிற பிளேடு. கோணல் மரத்தை இந்தப் பக்கம் வைத்துத் தள்ளினால் அந்தப் பக்கம் நேராக வரும். மனுஷருக்கும் அப்படி ஒன்று இருந்தால் முதலில் உங்களைத்தான் தள்ளியிருப்பேன்.

நாலு பேர் சுமந்து வந்து முன்ரூமில் இறக்கினோம். அங்கேதான் என் புத்தி கெட்டது. பொருத்தித் தர எதிர் லைன் வீட்டுத் தங்கவேலு மாமாவைக் கூப்பிட்டேன். மைன்ஸில் ஆட்களைச் சுரங்கத்துக்குள் கொண்டுபோகிற கூண்டை, அதான் கேஜை, ஏற்றி இறக்குகிற ராட்சச இன்ஜினுக்கு ஃபிட்டராக இருந்தவர். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, அடியில சிமெண்ட் பெட் போடாம மெஷினா? ஓட்டுனா குதிக்கும்" என்றார். அவ்வளவுதான், வீட்டுத் தரையை வெட்டி மூன்றடிப் பள்ளம் எடுத்து, கம்பி கட்டி, போல்ட் நட்டு, ஏழு மூட்டை சிமெண்டைக் கொட்டி, கோணி போட்டுப் பத்து நாள் தண்ணீர் ஊற்றி, அதன்மேல் மெஷினை நிறுத்தி, பின்மேஜையும் பிளேடு நுனியும் ஒரே மட்டம் வரவேண்டும் என்று ரசமட்டத்தோடு இரண்டு நாள் குப்புறப் படுத்துக் கிடந்தார். காபி போட்டே எலைன் இளைத்துப்போனாள். அது ஒன்றுதான் இதில் லாபம்.

அப்புறம் கட்டிலின் பக்கச் சட்டத்தை, ஆறரை அடித் தேக்கு, வைத்துத் தள்ளினேன். வெண்ணெயில் கத்தி போனது மாதிரி போச்சு மச்சான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றடி போனதும் டொக்கென்று நின்றது. இந்தப் பக்கம் வாசற்கதவு, தெருவரைக்கும் இடம் கிடக்குது. அந்தப் பக்கம் மூன்றடியில் சுவர். ஆறரை அடி மரம் வெளியே வர ஆறரை அடி வேண்டும் என்று இத்தனை நாளில் ஒருத்தருக்கும் தோணவில்லை. நான் தங்கவேலு மாமாவைப் பார்த்தேன். அவர் மெஷினைப் பார்த்தார். "மெஷின் கரெக்டாதான் கீது. வீடுதான் சின்னது" என்றார்.

மெஷினைப் பெயர்த்துத் திருப்பி வைக்கலாம் என்று, ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குக்கூடப் போகாமல் அந்த சிமெண்டைச் சம்மட்டியால் அடித்தேன். சம்மட்டிப் பிடி உடைந்தது. தங்கவேலு மாமா பெருமையாகப் பார்த்துக்கொண்டு நின்றார். எலைன், "கட்டில ரெண்டா செஞ்சிருங்க, ஆளுக்கொரு ரூம்ல போட்டுக்கட்டும்" என்கிறாள். கடைசியாக, சுவருக்கு அந்தப் பக்கம் அடுப்பு வைத்திருக்கிற பக்கத்து வீட்டு சரோஜம்மாவிடம் போய், மரம் நுழைய ஒரு முழம் ஓட்டை கேட்டேன். கரண்டியோடு வந்தாள். "இன்னிக்கு மரம் வரும், நாளைக்கு நீ தலைய நீட்டி இன்னா கொழம்புன்னு கேப்ப. போய்யா!" அவள் மனசும் அந்த சிமெண்டும் ஒரே மூட்டை.

வாய் சிரிக்கிறதே தவிர மச்சான், உள்ளே ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்குப் பதினாறு நாள். மர மில்லில் இழைத்துத் தரக் கேட்டால் ஒரு மாசம் ஆகுமாம். வின்னி பிறந்தபோது நர்ஸ் முதலில் கொடுத்தது இந்தக் கையில்தான். அந்தக் கைக்கு ஒரு கட்டில் செய்ய வக்கில்லை. ஆகையால் நீங்களே கடையில் ஒன்றை வாங்கி, கம்பெனிப் பேரைச் சுரண்டிவிட்டு, நான் செய்தது என்று இறக்கிவிடுங்கள். ஒரு காலைக் கொஞ்சம் கோணலாக்கிவிடுங்கள், அப்போதுதான் அக்கா நம்புவாள்.

வின்னிக்கு என் முத்தம். மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். அக்காவுக்கு ஒன்றும் சொல்லவேண்டாம். சமாதானம் உங்கள் வீட்டில் தங்குவதாக, இங்கே அதற்கு இடமில்லை.

இப்படிக்கு,
முகத்தில் விழிக்க முடியாத
சுந்தரராஜ்

பி.கு.: மேலே உள்ளது அத்தனையும் ரத்து. நான் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லித்தான் எழுதுவேன், இல்லாவிட்டால் எழுத்து கூடிவராது. சரோஜம்மா முதல் வரியிலிருந்து கேட்டிருக்கிறாள். கையெழுத்துப் போட்டு முடிக்கவில்லை, சுவரில் மடேர் என்று ஓர் இடி. "யோவ் சுந்தரராஜு! தாய்மாமன் கடைக் கட்டில்ல பேரச் சுரண்டித் தருவியா? நம்ம லைனு மானம் இன்னா ஆவறது? தள்ளி நில்லுய்யா!" கடப்பாரை முனை என் பக்கம் வந்துவிட்டது. முதல் சட்டம் இப்போதுதான் போய் முடிந்தது. அந்தப் பக்கம் அவளே இழுத்து வாங்கினாள். நூல் பிடித்த மாதிரி நேர். அதைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "வேலை முடிஞ்சதும் ஓட்டைய அடைச்சிராத. என் பொண்ணு வாணிக்குத் தாய்மாமன்னு யாரும் இல்ல" என்றாள். ஆகையால் மச்சான், கடைப் பக்கம் போகவேண்டாம். இரண்டு கட்டில் செய்யவேண்டியிருக்கிறது. எனக்கு நேரமில்லை, பதில் போடாதீர்கள்.