கம்ப்யூட்டரில் எண்பது, கோடவுனில் நாற்பது

ஐந்தாம் வகுப்பின் பாதியில் பள்ளிக்கூடத்தை நான் முடித்துக்கொண்டேன். (பள்ளிக்கூடம்தான் உங்களை முடித்துக்கொண்டது என்பாள் என் மனைவி. அவள் எட்டாவது வரை படித்தவள்.) அந்தப் பாதிப் படிப்போடு கோட்டைப்பட்டினத்தில் நான் உண்டாக்கியதைக் கேளுங்கள். தகரக் கொட்டகையில் தூண்டில்முள் விற்ற இடத்தில் இன்று இரண்டு மாடிக் கடை நிற்கிறது. வலை, கயிறு, மிதவை, இன்ஜின் சாமான் என்று ஒரு விசைப்படகுக்கு மீனைத் தவிர எல்லாமே என்னிடம் கிடைக்கும். கடைக்குப் பின்னால் நெல் கிடங்கு அளவுக்கு ஒரு கோடவுன். உப்புத் தண்ணீர்தான் வரும் என்று ஊரே சொன்ன இடத்தில் போர் போட்டு நல்ல தண்ணீர் எடுத்தவன் நான். ஆவுடையார்கோவில் வரை என் கடைப் பையைக் கையில் வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். இவ்வளவையும் கட்டிய மூளை, மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரே ஒரு காலையில் என்னைக் கைவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

என் மருமகள் பர்வீன் கம்ப்யூட்டர் படித்தவள். திருச்சியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு எங்கள் கடையைப் பார்த்துக்கொள்ள வந்தாள். வந்த வாரமே கேட்டாள், எந்தச் சரக்கு எவ்வளவு இருக்கிறது என்று எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று. நான் என் நெற்றியைத் தொட்டுக் காட்டினேன். அவள் மரியாதையாகச் சிரித்துவிட்டு, அடுத்த நாளே ஒரு கம்ப்யூட்டரை இறக்கினாள்.

அவள் செய்த வேலையை எனக்குப் புரிந்த அளவுக்குச் சொல்கிறேன். மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிய அன்று கடையில் இருந்ததையெல்லாம் எண்ணி ஒரு பட்டியலில் ஏற்றினாள். தூத்துக்குடி மொத்த வியாபாரிக்கு நான் எழுதிப் போடும் ஆர்டர்களை இன்னொரு பட்டியலில் தட்டினாள். பிறகு கம்ப்யூட்டரிடம் நாலு வரியில் ஒரு உத்தரவு எழுதிப் போட்டாள். அதற்குப் பெயர் குவெரியாம், என் வாயில் கொரி என்றுதான் வரும். அந்தக் கொரி ஆர்டர் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வரியையும், என்ன பொருள், என்ன தடிமன், எத்தனை என்று எடுத்து, சரக்குப் பட்டியலில் ஒரு வரியாக உட்கார வைத்துவிடும். நான் மூன்று நாள் எழுதும் வேலையை அது நான் தும்மி முடிப்பதற்குள் முடித்தது.

அதை ஓடவிடுவதற்கு முன் பர்வீன் ஒரு கேள்வி கேட்டாள்.

“மாமா, நீங்க ஆர்டர் போட்டா எல்லாம் அப்படியே வந்துருமா? கொறையுமா?”

அவள் பக்கத்தில் இரண்டு படகுக்காரர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னால் நான் எப்படிப் பேசுவேன்? “நான் கேட்டு வராத சரக்கு இன்னும் பொறக்கலம்மா” என்றேன்.

பொய். சுத்தமான பொய். (அப்போது அது எனக்குப் பொய்யாகத் தெரியவில்லை, அடக்கமாகப் பேசியதாகத்தான் நினைத்தேன்.) உண்மை என்னவென்றால், தூத்துக்குடிக்காரர் எப்போதும் கேட்டதில் பாதிதான் அனுப்புவார். ஆகவே நான் எப்போதும் தேவைக்கு இரண்டு மடங்கு எழுதுவேன். நாற்பது வேண்டுமென்றால் எண்பது. இது இருபது வருடமாக நான் காத்துவரும் தொழில் ரகசியம். மனைவிக்கும் தெரியாது, மகனுக்கும் தெரியாது. மருமகளுக்கு எப்படித் தெரியும்? லாரிக்காரர் சரக்கை இறக்கிவிட்டுக் கொடுக்கும் வரவுச் சீட்டை நான் பிரித்துக்கூடப் பார்ப்பதில்லை, பாதிதான் வந்திருக்கும் என்று தெரிந்ததனால். கம்பியில் குத்திவிடுவேன்.

வெட்கக்கேடு அதற்குப் பிறகுதான். திரையில் என் கடைப் பெயருக்குக் கீழே, பன்னிரண்டு எம்எம் கயிறு எண்பது சுருள் என்று பச்சை எழுத்தில் பார்த்ததும் எனக்குள் ஒரு மிதப்பு வந்துவிட்டது. எண்பது என்று எழுதியதே நான்தான். நாற்பதுதான் வரும் என்று தெரிந்தவனும் நான்தான். ஆனால் திரையில் வந்ததும் நானே நம்பிவிட்டேன். முட்டி வலியால் கோடவுன் பக்கமும் போகவில்லை. அந்த இரண்டு மாதமும் கடைக்கு வந்த ஒவ்வொரு படகுக்காரரிடமும் திரையைத் திருப்பிக் காட்டினேன். படகுக்கு நாலு சுருள் வீதம் இருபது பேருக்கு வாக்குக் கொடுத்தேன். முனியசாமி என்று ஒரு படகுக்காரர், நாகப்பட்டினத்தில் கயிறு வாங்கப் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். கையைப் பிடித்து இழுத்து வந்து, எதற்கு அங்கே அலைகிறீர்கள், என்னிடம் மலைபோல் கிடக்கிறது என்று திரையைக் காட்டி அனுப்பினேன்.

தடை முடிவதற்கு முந்தின நாள் காலை. மறுநாள் விடியலில் படகுகள் போகவேண்டும். இரண்டு மாதம் மீன் பெருகிக் கிடக்கும் கடலில் முதல் நாள் போகிறவனுக்குத்தான் நல்ல மீன்பாடு. அன்று கரையில் நிற்பவன் அந்த வருடம் முழுக்கப் புலம்புவான். பத்துப் பேர் வந்து கயிற்றை வாங்கிக்கொண்டு போனார்கள். பதினோராவதாக முனியசாமி வந்தார். கோடவுனுக்குள் போன கடை ஆள் வெறுங்கையோடு திரும்பி, கயிறு தீர்ந்துபோச்சு என்றார்.

“கம்ப்யூட்டர்ல இன்னும் நாப்பது இருக்கே” என்றேன்.

“அப்ப அதுக்குள்ளேருந்து எடுத்துக் குடுங்க பாய்” என்றார் முனியசாமி.

அவருக்குப் பின்னால் இன்னும் ஒன்பது பேர். யாரும் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. முனியசாமி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, தரையைப் பார்த்துச் சொன்னார்: “டீசல் போட்டாச்சு, ஐஸ் ஏத்தியாச்சு. பஸ்ஸுக்கு நின்ன மனுசனக் கூட்டியாந்து இப்படிப் பண்ணிட்டீங்களே.”

தூத்துக்குடிக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் போட்டதுதான் அன்று நான் செய்த இரண்டாவது மடத்தனம். எண்பது கேட்டால் நாற்பதுதானா அனுப்புவீர்கள் என்று கத்தினேன். அந்தப் பக்கம் அவர் நிதானமாகச் சொன்னார்:

“பாய், நீங்க எப்பவும் ரெண்டு மடங்காத்தானே எழுதுவீங்க. அதான் இருவது வருசமா பாதி அனுப்புதேன். தப்பாயிருச்சா?”

அவர் பாதி அனுப்புகிறார் என்று நான் இரட்டிப்பாக எழுத, நான் இரட்டிப்பாக எழுதுகிறேன் என்று அவர் பாதி அனுப்ப, இருபது வருடம் இரண்டு கிழவர்கள் ஒருவரையொருவர் ஏமாற்றிச் சரியாக வாழ்ந்திருக்கிறோம். கடையில் முதலில் சிரித்தவர் யாரென்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன், இன்றும் என் வாடிக்கையாளர்.

பர்வீன் மட்டும் சிரிக்கவில்லை. மெதுவாகக் கேட்டாள்: “எல்லாத்துலயும் இப்படித்தானா மாமா?”

“எல்லாத்துலயும்தாம்மா.”

“சரி. அந்தக் கம்பிய எடுங்க.”

கம்பியிலிருந்து சீட்டுகளை உருவி நான் ஒவ்வொன்றாக வாசித்தேன், அவள் தட்டினாள். என்ன பொருள், எத்தனை வந்தது, எந்த ஆர்டருக்கு வந்தது. முடிந்ததும் புதிதாக ஒரு கொரி எழுதினாள். கேட்டதையும் வந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொன்னது அது. திரையில் எண்பதெல்லாம் நாற்பதாயிற்று, என் பெருமையெல்லாம் சரிபாதியாக இறங்கியது. பிறகு அதையே தலைகீழாக ஒருமுறை எழுதினாள். ஆர்டரே போடாமல் ஏதாவது வந்திருக்கிறதா என்று.

மூன்று வரி வந்தது. மூன்றாவது வரி: பதினாலு எம்எம் கயிறு, நாற்பத்தாறு சுருள். (அந்தச் சீட்டை வாசித்தவனும் நான்தான், பதற்றத்தில் மண்டையில் ஏறவில்லை.)

எனக்கு விளங்கிவிட்டது. விற்காத சரக்கைக் கேட்காமலே நம் தலையில் கட்டுவது தூத்துக்குடிக்காரர் வழக்கம். ஆர்டரிலிருந்து மட்டும் சரக்கை எழுதிய முதல் கொரிக்கு அது கண்ணில் படவே இல்லை. முட்டி வலியை மறந்து ஓடினேன். கோடவுன் மூலையில் கிழிந்த தார்ப்பாயைத் தூக்கினால், மஞ்சள் மஞ்சளாக அடுக்கியிருந்தது. அங்கேயே சுருள்மேல் உட்கார்ந்து, அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லத்தான் மூச்சு வந்தது. எழுந்திருக்க இரண்டு பேர் தூக்கவேண்டியிருந்தது.

முனியசாமி ஒரு முனையைப் பிரித்து முறுக்கிப் பார்த்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், பரீட்சை எழுதியவன் மாதிரி. “கனமாத்தான் இருக்கு. இருக்கட்டும், அறுகாது” என்றார். பத்துப் பேரும் ஆளுக்கு நாலு தூக்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் இருபது படகும் கடலுக்குள் போனதைக் கரையில் நின்று எண்ணினேன். (கம்ப்யூட்டரில் அல்ல, விரலால்.) இருபதும் சரியாக இருந்தது. அன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதிலிருந்து வீட்டில் என் பேச்சுக்கு மதிப்பு பாதிதான். பசியில் எட்டு இட்லி வை என்றால் மனைவி நாலு வைப்பாள். முட்டி ரொம்ப வலிக்கிறது என்றால் வெளியூரில் இருக்கும் மகன் போனிலேயே, “அத்தா, இது ஆர்டரா, வரவா?” என்பான். முனியசாமி பேரன் காதுகுத்துக்கு ஐம்பது பேரோடு வருகிறேன் என்றேன். இருபத்தைந்து இலைதான் போட்டார். போனது ஒன்பது பேர் என்பது வேறு விஷயம்.

இப்போது ஒரு நியாயம் பேசவேண்டும். பர்வீனின் அந்தப் புரோகிராமில் ‘கேட்டது’, ‘வந்தது’ என்று இரண்டு கட்டம் இருக்கிறது. சீட்டைத் தட்டினால்தான் சரக்கு ஏறும். ஜெகதாப்பட்டினத்திலும் கட்டுமாவடியிலும் கடைக்காரர்கள் அதைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். எல்லோரும் பர்வீனைப் பாராட்டுகிறார்கள். பாராட்டட்டும், கெட்டிக்காரப் பெண். ஆனால் அந்த இரண்டாவது கட்டம் எப்படி வந்தது? நான் பொய் சொல்லாமல் இருந்திருந்தால் வந்திருக்குமா? இருபது வருடம் இரட்டிப்பாக எழுதியது யார்? சீட்டுகளை ஒன்றுகூடத் தொலைக்காமல் குத்தி வைத்தது யார்? சத்தமாக வாசித்தது யார்? திரையின் அடியில் சின்ன எழுத்தில் ‘உருவாக்கியவர் பர்வீன்’ என்று போட்டிருக்கிறாள். அதற்கு மேலே, கொஞ்சம் பெரிய எழுத்தில், என் பெயரையும் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாதியாகக் குறைக்காமல், இனிஷியலோடு முழுப் பெயராக.