ஓடிய கல்யாணம்

ஒரு விஷயம் எனக்கு நன்றாகத் தெரியும் என்று மைக்கில் சொல்லிவிட்டால், அதில்தான் மனிதன் கவிழ்வான். (நான் கவிழ்ந்ததற்கு மெல்பேர்ன் தமிழர்களில் பாதிப் பேர் சாட்சி.)

கிளேட்டனில் ஐடி வேலை பார்த்துக்கொண்டே, பழைய சினிமா ஆராய்ச்சியாளன் என்று சொல்லித் திரிந்த காலம். ஸ்பிரிங்வேல் யோகம் அன்ரியின் தாத்தா, பேசாப்பட காலத்து ஒளிப்பதிவாளர். யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைக்குப் போய், கேமராவின் கைப்பிடியைச் சுற்றியே பேர் வாங்கியவர். படம் பேச ஆரம்பித்ததும் மோட்டார் கேமரா வந்து அவர் கைக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஊர் திரும்பி ஸ்டூடியோ வைத்தார். அந்தப் பழைய கேமராவில் கடைசியாக எடுத்தது மகளின் கல்யாணத்தை. மகள் என்றால் அன்ரியின் அம்மா. அன்ரி கைக்குழந்தையாக இருந்தபோதே அந்த அம்மா இறந்துவிட்டார். எண்பது தாண்டியும் அன்ரிக்கு அம்மா என்றால் சுவரில் தொங்கும் ஒரு போட்டோதான்.

ஓட்டிப் பார்க்க வழியில்லாமல் அன்ரி பெட்டியில் வைத்திருந்த அந்தக் கல்யாணப் படச்சுருளை வாங்கி டிஜிட்டலாக மாற்றக் கொடுத்தேன். என்ன வேகம் வைக்க வேண்டும் என்று லேபில் கேட்டார்கள். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அம்மாவை அன்ரிதான் முதலில் பார்க்க வேண்டும் என்று வீர சபதம் வேறு செய்து, வீட்டில் ஒருமுறைகூட ஓட்டிப் பார்க்கவில்லை. (ஊரைக் கூட்ட மட்டும் மறக்கவில்லை.)

மண்டபத்தில் தாத்தாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அவர் மனதுக்குள் தேவாரம் பாடியபடி, தாளம் பிசகாமல் நொடிக்குப் பதினாறு படமாகச் சுற்றுவார், அதை இன்றைய இருபத்துநான்கு பட வேகத்தில் ஓட்டினால் எல்லாம் கெட்டது என்று கையைச் சுற்றிக் காட்டினேன். பலத்த கைதட்டல். பிறகு கணினியை இன்றைய வேகத்திலேயே விட்டுவிட்டுப் படத்தைப் போட்டேன்.

மணப்பெண் ஓடி வந்தார். ஐயர் கோழிக்குத் தீனி போடுவதுபோல அரிசியை வீசினார். பெண்ணைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு மாப்பிள்ளை மணவறையைச் சுற்றியபோது மண்டபமே வெடித்துச் சிரித்தது. என் மனைவியும் சிரித்தாள். பாய்ந்துபோய் நிறுத்தப் பார்த்தேன். பதற்றத்தில் எதையோ தட்ட, கல்யாணம் முதலிலிருந்து ஓட ஆரம்பித்தது. முன்வரிசையில் அன்ரி முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். ஒரு மகளின் ஆயுள்காலக் காத்திருப்பைக் கூத்தாக்கிவிட்டோமே என்று எனக்கு உயிரே போய்விட்டது. யாரிடமும் சொல்லாமல் காரில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு, வேகத்தைச் சரிசெய்து அன்ரி வீட்டுக்கே எடுத்துப் போனேன். பெண் தலை குனிந்து நிதானமாக நடந்தார். அன்ரி கடைசிவரை பார்த்தார்.

"வடிவா இருக்குத் தம்பி. ஆனா அண்டைக்கு மண்டபத்தில போட்டதையே போடுங்கோ. அம்மாவைப் பாத்து நான் அழுதிருக்கிறன். விழுந்து விழுந்து சிரிச்சது அண்டைக்குத்தான்."

அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என் பெயர் தெரியாது. வாசலில் கண்டால் "ஃபாஸ்ட் ஃபார்வர்ட் அங்கிள்" என்று கத்துகிறார்கள். உடனே அன்ரி டீவியைப் போடச் சொல்லி, கதிரையை முன்னால் இழுத்துக்கொள்கிறார்.